இன்கோயேட் என்றொரு கயிறு

கொண்டல்சாமிக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய சீடர் புரொபசர் ராஜையாவுக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவைச் சாமி என்பார். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்ததும் நேரே புரொபசர் காலில் போய் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய் வேப்பமரத்துப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே சாமி மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருப்பார்.

நான் கோமதிநாயகம். இந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகச் சமையல். ஆசிரமம் என்று பலகை வைக்கச் சாமி விட்டதில்லை. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறிச் 'சாமியார் தோட்டம்' என்று சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார். மூன்று ஏக்கர் கரிசல், நாலு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜோடி மாடு. அவ்வளவுதான் எங்கள் ராஜ்யம்.

மாட்டில் மயிலை பரம சாது. செவலை அப்படியில்லை. ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காது. போன மாட்டுப்பொங்கலன்று நெற்றியில் குங்குமம் வைக்கப்போன என்னைக் குப்பைக்குழியில் தள்ளிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புரொபசர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர். சனிக்கிழமை இங்கே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில். இரண்டு இடத்திலும் அட்டெண்டன்ஸ் போடுகிறீர்களே, எந்த இடத்தில் பாஸ் ஆவீர்கள் என்று நான் கேலி செய்ததுண்டு. சிரிப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதிலும் குறை இருந்தால் தாங்க மாட்டார். என் ரசத்தை ஒரு வாய் வைத்ததும் "உப்பு குறைவு" என்பார். சொன்னதோடு சரி. உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார். என்னிடம் கேட்கவும் மாட்டார். உப்பில்லாமலே குடித்துவிட்டுப் போவார்.

நான் சொல்லவந்த அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை. சித்திரை மாசம், பொன்னேர் பூட்டுகிற நாள். வருஷத்தின் முதல் உழவுக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். நல்ல நேரம் பார்த்து, மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, நிலத்தில் ஏரை இறக்குவோம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இப்போது டிராக்டருக்குத்தான் மாலை போடுகிறார்கள். ஆனால் அவர்களும் அந்த நாளை விடுவதில்லை. நான் விடிவதற்குள் எழுந்து, ஊறவைத்த பச்சரிசியில் கருப்பட்டியும் எள்ளும் கலந்து காப்பரிசி செய்துகொண்டிருந்தேன்.

ஏழு மணி பஸ்ஸில் புரொபசர் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. அவரைக் கசங்கின சட்டையில் நான் பார்த்ததேயில்லை. சாமி மயிலையின் கழுத்தை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். புரொபசர் கும்பிடக்கூட இல்லை.

"சாமி, சரியான ஒரு வார்த்தையை எழுதினது தப்பா?"

"யாருக்கு எழுதினீக?"

புரொபசர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். முப்பிடாதி என்று ஒரு பெண். அவரிடம் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தவள். லீவு நாளில் மகளும் கூடப் போவாளாம். அங்கே பெண்கள் கை வேலையை விடாமல் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளும் கதைகளைச் சேகரித்து, அதைத்தான் அவள் இங்கிலீஷில் ஆராய்ச்சியாக எழுதுகிறாள்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். புரொபசர் ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்து, முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்கோயேட்.

அவள் ஹாஸ்டல் அறைக்குப் போய் அகராதியைப் புரட்டியிருக்கிறாள். அரைகுறையானது, முழு உருவம் பெறாதது என்று போட்டிருந்ததாம். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவள்தான். போன் எடுப்பதில்லை. அதே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. வருகிற புதன்கிழமைக்குள் அவள் நேரில் வந்து நீட்டிப்பு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, ஆறு வருஷமும் வீண்.

"அரைகுறையா இருந்துச்சு சாமி, அதனால எழுதினேன். எனக்கும் என் வாத்தியார் இப்படித்தான் எழுதுவார். நான் ஓடிப்போகலையே."

அவளைப்போல ஒரு மாணவி இத்தனை வருஷத்தில் தனக்கு வாய்த்ததில்லை என்றும் சொன்னார். அதை அவளிடம் என்றைக்காவது சொன்னீர்களா என்று நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

சாமி வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்துச்சு, அண்ணாச்சி?"

புரொபசர் முகம் தெளிந்தது. ஒரு சொல்லின் பிறப்பைக் கேட்டுவிட்டால் போதும், அவருக்குப் பசி தாகம் தெரியாது. லத்தீனில் 'கோஹம்' என்று ஒரு சொல் உண்டாம். கலப்பையின் ஏர்க்காலை மாட்டுக் கழுத்து நுகத்தடியோடு சேர்த்துக் கட்டுகிற வாருக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். உழவன் காலையில் முதலில் கட்டுவது அந்த வாரைத்தான். அதனால் அதைக் கட்டுவது என்பது, எந்த வேலையையும் தொடங்குவது என்று ஆகியிருக்கிறது. பிறகு இங்கிலீஷுக்கு வந்து, தொடங்கி இன்னும் முடியாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. இதை ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு, ஆனால் தான் படித்த அகராதிகள் இப்படித்தான் சொல்கின்றன என்றார். முப்பது வருஷமாக வகுப்பில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாராம்.

எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. நம்ம கொட்டகையில் தொங்குகிற கயிறு வெள்ளைக்காரன் அகராதியில் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"இதை அந்தப் பிள்ளைகிட்ட சொன்னீகளா?" என்று சாமி கேட்டார்.

"அவளே தேடித் தெரிஞ்சிருக்கணும் சாமி. ஆராய்ச்சி பண்றவ இல்லையா?"

"சரி" என்றார் சாமி.

சாமி சரி என்றால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

என்னைக் கலப்பையை எடுத்துவரச் சொன்னார். இரண்டு மாட்டையும் தட்டைப் படப்புக்கு முன்னால் கொண்டுவந்து, படப்பைப் பார்த்தாற்போல் நிறுத்தி, செவலையின் நீளமான பிடிகயிற்றைப் படப்போரமாகப் போட்டார். ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கின சோளத்தட்டை அது. நுகத்தடியைத் தூக்கி இரண்டு கழுத்திலும் வைத்துக் கழுத்துக் கயிறுகளைப் பூட்டினார். பிறகு கலப்பையைக் கொண்டுவந்து, நீளமான ஏர்க்காலின் நுனியைத் தூக்கி நுகத்தடியின் நடுவில் பொருத்தினார். புரொபசரைக் கூப்பிட்டு இரண்டு மாட்டுக்கும் நடுவில் நிற்கவைத்து, ஏர்க்காலை அவருடைய இடது கையிலும் ஒரு முழக் கயிற்றை வலது கையிலும் கொடுத்தார்.

"நீங்க சொன்ன கயிறு இதுதான். இன்னைக்குப் பொன்னேர். முதல் கட்டு நீங்க கட்டுங்க, அண்ணாச்சி."

புரொபசருக்குச் சந்தோஷம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஷூ லேஸ் கட்டுவதுபோல் ஒரு கட்டுப் போட்டார். சாமி ஒரு விரலால் ஏர்க்காலை அசைத்தார். கட்டு இடியாப்பம்போல் பிரிந்து விழுந்தது. புரொபசர் சிரித்துக்கொண்டே மறுபடியும் கட்டினார். இந்தத் தடவை ஒரு பக்கம் இறுகியது, மறுபக்கம் தொங்கியது.

சாமி குனிந்து அந்தக் கட்டை நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இன்கோயேட்" என்றார்.

அவ்வளவுதான். கொட்டகை வாசலில் நான் அவருக்காக வைத்திருந்த கம்மங்கஞ்சித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, படப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார்.

புரொபசர் முதலில் இதை விளையாட்டு என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரம் சிரித்த முகமாகவே நின்றார். சாமி திரும்பி வரவில்லை. கையை எடுக்கலாமென்றால், ஏர்க்கால் மாட்டுக் காலில் விழும். விழுந்தால் மாடு மிரளும். மிரண்டால் கழுத்தில் நுகத்தடியோடு இழுத்துக்கொண்டு ஓடும், நடுவில் நிற்கிற இவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது அவருக்கும் புரிந்தது. இடது கையால் ஏர்க்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கட்ட ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போட்டுப் பார்த்தார், கீழே விட்டுப் பார்த்தார், பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். கட்டு நிற்கவில்லை. செவலை மட்டும் என்ன அதிசயமோ, நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதை ஏற்றிவிட மூன்றாவது கை இல்லை. மாலை போட்ட டிராக்டரில் போன பக்கத்துக் காட்டு மாரிச்சாமி வண்டியை நிறுத்தி, "என்ன சார், மாட்டோட பேச்சுவார்த்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். புரொபசர் இங்கிலீஷில் என்னவோ முணுமுணுத்தார். ஜெபம் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. வயதான மனுஷரை இப்படியா வதைப்பது? ஒரு கை கொடுக்கலாமென்று இரண்டடி எடுத்துவைத்தேன். படப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியின் குரல் வந்தது.

"நாயகம், அடுப்பைப் பாரு."

திரும்பி வந்துவிட்டேன். வந்து அடுப்பை என்ன பார்ப்பது, அணைந்து கிடந்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கயிறு மறுபடியும் நழுவியது. அப்போதுதான் அவர் கத்தினார். அந்த மனுஷர் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சாமி! எது தப்புன்னு சொல்லாம ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டா நான் என்ன செய்வேன்? பக்கத்துல வந்து நின்னு காட்டுங்க!"

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். கண் ஏர்க்காலில் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. வியர்வையைத் துடைக்க முடியாத முகத்தில் கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

சாமி அடுத்த கணமே வந்துவிட்டார். நுகத்தடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் புரொபசரின் கைமேல் வைத்தார். கயிற்றை முதலில் எங்கே போட வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவை கட்டிக் காட்டினார். பிறகு அவிழ்த்துவிட்டு, அவரையே கட்டச் சொன்னார். புரொபசர் கட்டினார். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் சாமி பிடித்து உலுக்கியபோது அசையாமல் நின்றது.

ஐந்து சுற்று உழுதோம். சாமி மேழியைப் பிடிக்க, புரொபசர் கூடவே நடந்தார். ஐந்தாவது சுற்று முடிந்ததும் சாமி மாட்டை அவிழ்த்தார்.

"இவ்வளவுதானா சாமி? மூணு ஏக்கரும் அப்படியே கிடக்கே."

"கிடக்கட்டும். பொன்னேருன்னா இவ்வளவுதான். மழை வந்தா மீதி."

புரொபசர் உழுத ஐந்து சுற்றையும் உழாத காட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தே பழகியவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

நான் தூக்குவாளியைக் கழுவ எடுக்கலாமென்று படப்புக்கு அந்தப் பக்கம் போனேன். கஞ்சி அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. உப்புப் போட மறந்துவிட்டேனோ என்று ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன், உப்பு சரியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷர் கஞ்சியைக் குடிக்கக் கூடாதா? நாலரை மணிக்கு எழுந்து காய்ச்சினது. அந்தக் கோபத்தில் அன்றைக்கு முழுக்க நான் சாமியிடம் சரியாகப் பேசவில்லை.

சாமி காப்பரிசியில் ஒரு பொட்டலம் கட்டிப் புரொபசர் கையில் கொடுத்தார். பொன்னேர்க் காப்பரிசியை வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். இதை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். ஊர் தெரியாமல் அலைவாரென்று என்னையும் கூட அனுப்பினார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு வெளியே ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே முப்பது நாற்பது பெண்கள். முப்பிடாதி சுவரோரம் உட்கார்ந்து மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், மெலிந்த பெண். புரொபசரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. விரல்களும் நிற்கவில்லை. பக்கத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருந்த கதை மட்டும் நின்றது.

புரொபசர் பொட்டலத்தை வைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் காலையில் நடந்ததை அப்படியே சொல்ல ஆரம்பித்தார். சாமியிடம் என்ன கேட்டார், சாமி என்ன செய்தார், இரண்டு மாட்டுக்கு நடுவில் தான் எப்படி நின்றார், மாரிச்சாமி என்ன கேலி செய்தான், எதையும் மறைக்கவில்லை. பெண்களெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை. கடைசியாக அந்தச் சொல் எந்தக் கயிற்றிலிருந்து வந்தது என்பதையும் சொன்னார்.

அப்போதுதான் அவள் விரல்கள் நின்றன.

"எங்கப்பா ஏர் ஓட்டுனவுக சார். அந்தக் கயிறு எனக்குத் தெரியும். அவுக கட்டும்போது நுகத்தடியை அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தான். கட்டு இறுகுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாதும்பாக."

மரச்சட்டத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீங்க எழுதினது சரிதான். என் எழுத்து இன்னும் இறுகல, அது எனக்கே தெரியும். ஆனா அதை எழுதிட்டு நீங்க எங்க சார் போனீக?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"போயிட்டேம்மா" என்றார் புரொபசர். "நிக்காம போயிட்டேன். என் தப்புதான்."

அவள் பின்னால் தொங்கிய பையை எடுத்து, உள்ளேயிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று அத்தியாயங்கள். மேலே சிவப்பு மையில் அந்தச் சொல். சாப்பாட்டுத் தூக்கோடு அதையும் தினம் வேலைக்குக் கொண்டுவந்து கொண்டுபோயிருக்கிறாள்.

புரொபசர் பேனாவைத் திறந்து அந்தச் சொல்லை அடிக்கப் போனார். அவள் தாளை இழுத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் சார். அதுக்குக் கீழே எழுதுங்க."

அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தக் கதை ஏன் பாதியில் நிற்கிறது, இதை யார் சொன்னது, சொன்னவள் எதை விட்டுவிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் குச்சி அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். அவளுக்குத் தெரியாததைப் பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். அவர் ஓரத்தில் எழுதினார், இடம் போதாமல் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சாயங்காலம் மணி அடிக்கும்வரை எழுதினார். காப்பரிசியை நானும் அந்தப் பெண்களும் தின்று தீர்த்தோம்.

கிளம்பும்போது புதன்கிழமையைப் பற்றிச் சொன்னார். யோசிக்கிறேன் சார் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கேட்டிருந்தால் அவள் வர மாட்டாள் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, தேய்த்த சட்டையோடு வந்தார். வந்து உட்கார்ந்ததும் புதன்கிழமை நடந்ததைச் சொன்னார். காலை பத்து மணிக்கே பல்கலைக்கழக வாசலில் போய் நின்றுவிட்டாராம். மதியச் சாப்பாட்டுக்கும் நகரவில்லை. நாலு மணி ஆயிற்று, அவள் வரவில்லை. மனுவை வாங்குகிறவர் ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்துகொண்டிருந்தார். புரொபசர் உள்ளே ஓடி, இன்னும் பத்து நிமிஷம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். நாலேகாலுக்கு முப்பிடாதி ஓட்டமும் நடையுமாக வந்தாள். நேரே தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததால் கையில் மருந்து வாடைகூடப் போகவில்லை. கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, நான் வராவிட்டால் எவ்வளவு நேரம் நின்றிருப்பீர்கள் சார் என்று கேட்டாளாம்.

நாலாவது அத்தியாயத்தில் பாதியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன்.

"இன்னும் அரைகுறைதான்" என்றார் புரொபசர். இவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அன்றைக்கு என் ரசத்திலும் உப்பு குறைவு என்றார். என்றவர் எழுந்து வந்து, எவ்வளவு குறைவு என்று என் பக்கத்தில் நின்று போட்டுக் காட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனால் ரசம் நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சாமி தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளிக் கட்டியிருந்த செவலை வழக்கம்போல் தலையை ஆட்டி, காலை உதைத்து, முளைக்குச்சியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. புரொபசர் மெல்லச் சொன்னார்.

"எல்லாம் சரி சாமி. ஆனா அன்னைக்கு ஒரு மணி நேரம் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே. அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் ஆறலை."

சாமி அரிவாளைக் கீழே வைத்தார். செவலையைப் பார்த்தார். பிறகு புரொபசரைப் பார்த்தார்.

"அந்த ஒரு மணி நேரமும் செவலை அசையாம நின்னுச்சே அண்ணாச்சி. படப்புக்கு அந்தப் பக்கம் அதோட கயிறு யாரு கையில இருந்துச்சுன்னு நினைச்சீக?"

புரொபசர் எழுந்து போய்ச் செவலையின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குத் தூக்குவாளியில் அப்படியே இருந்த கஞ்சி ஞாபகம் வந்தது.